சின்னப் பெட்டி, பெரிய மிச்சம்: திருகோணமலை வீடுகளுக்கு வீட்டு சேர்வர் குறிப்புகள்

வீட்டில் எல்லார் கையிலும் போன். ஒவ்வொரு போனிலும் ஆயிரக்கணக்கில் படங்கள். "இடம் போதாது" என்ற அறிவித்தலும் எல்லாருக்கும் வந்துகொண்டே இருக்கிறது. மாதாமாதம் வெளிநாட்டுக் கம்பனிக்கு டொலரில் காசு கட்டத் தேவையில்லை. பிளக்கில் செருகினால் போதும் என்கிற சின்னக் கொம்பியூட்டர் ஒன்றை வீட்டு சேர்வராக்கினால் படம், பத்திரம், பாடப்புத்தகம் எல்லாம் வீட்டோடேயே இருக்கும். 2009இல் மார்வெல் கம்பனி 99 டொலருக்கு ஷீவாபிளக் என்ற பெட்டியை வெளியிட்டபோது பரவத் தொடங்கிய பழக்கம் இது. 2012இல் ராஸ்பெரி பை வந்த பிறகு இன்னும் மலிவாகவும் லேசாகவும் ஆகிவிட்டது.

டெபியன் லினக்ஸ் ஏற்றுவது, ஐபி முகவரியை நிலையாக வைப்பது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அதற்கு மேல், துறைமுகப் பட்டணத்து உப்புக் காற்றுக்கும் மாரி மழைக்கும் கரண்ட் கட்டுக்கும் ஈடுகொடுக்கிற கைவேலைகளை இங்கே தொகுத்திருக்கிறோம்.

கரண்ட் பில்லுக்கு

1. இராப்பகலாக ஓடும் பெட்டி 5 வாட் எடுத்தால் 30 நாளைக்கு 3.6 யூனிட்தான் போகும். அதே வேலையை 80 வாட் எடுக்கும் பழைய மேசைக் கொம்பியூட்டரிடம் கொடுத்தால் 57.6 யூனிட். சிக்கனமான ஒரு வீட்டின் முழு மாதப் பாவனையே அவ்வளவுதான்.

2. வீட்டு மின் கட்டணத்தில் மாதம் 60 யூனிட் என்பது முக்கியமான கோடு. அதைத் தாண்டினால் முதல் யூனிட்டிலிருந்தே விலை கூடுகிறது. கோட்டுக்குச் சற்றுக் கீழே நிற்கிற வீடு என்றால், சேர்வர் வைக்க முன்னர் ஒரு பழைய குண்டு பல்பை எல்ஈடிக்கு மாற்றுங்கள். பெட்டிக்கு வேண்டிய யூனிட் அதிலேயே கிடைத்துவிடும்.

3. வாட் மீட்டர் வாங்காமலே அளக்கலாம். வீட்டு மீட்டரில் ஒரு யூனிட்டுக்கு 1600 சிமிட்டல் என்று அச்சிட்டிருந்தால், மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அரை மணித்தியாலம் சிவப்பு விளக்கைப் பாருங்கள். நாலு தடவை சிமிட்டினால் 5 வாட், பன்னிரண்டு தடவை என்றால் 15 வாட்.

4. இரண்டரை அங்குல ஹார்ட்டிஸ்க், பெட்டியின் யூஎஸ்பி வாயிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொள்ளும். மூன்றரை அங்குல டிஸ்க்குக்குத் தனி 12 வோல்ட் அடப்டர் வேண்டும். பெட்டியை விட டிஸ்க்தான் கூட இழுக்கும். கொள்ளளவு போதுமென்றால் சின்னதையே எடுங்கள்.

5. டிஸ்க் 20 நிமிடம் சும்மா இருந்தால் சுழற்சி நிற்கும்படி 'எச்டிபார்ம்' மூலம் அமைத்து வையுங்கள். சில மலிவு யூஎஸ்பி உறைகள் அந்தக் கட்டளையைக் கணக்கெடுப்பதில்லை. அமைத்த பிறகு டிஸ்க்கில் கையை வைத்துப் பார்த்தால் அதிர்வு நின்றதா இல்லையா என்று தெரியும். ஐந்து நிமிடம் போலக் குறைத்து வைக்காதீர்கள். அடிக்கடி நின்று கிளம்பினால் டிஸ்க் தேயும்.

வாங்கும்போது

6. காசு செலவழிக்க முன்னர் ரவுட்டரின் பின்பக்கத்தைப் பாருங்கள். யூஎஸ்பி வாய் இருந்தால் அதில் ஒரு டிஸ்க்கைச் செருகிப் பகிர முடியும். சில வீடுகளின் தேவை அத்தோடு முடிந்துவிடும்.

7. யாராவது பழைய ஷீவாபிளக் தந்தால் வாங்கி வையுங்கள்: 1.2 கிகாஹேர்ட்ஸ் ஆர்ம் செயலி, 512 எம்பி நினைவகம், கிகாபிட் வலை வாய் எல்லாம் அதில் உண்டு. அதன் பலவீனம் உள்ளே இருக்கும் 5 வோல்ட் மின்வழங்கி. அது செத்துப்போனால் பெட்டியை வீசாமல், மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு வெளியிலிருந்து 5 வோல்ட் கொடுக்கச் செய்யலாம்.

8. பழைய பிளக் பெட்டிகளின் ஆர்ம் வகைக்கு டெபியன் 13தான் கடைசிப் பதிப்பு. புதிதாக நிறுவுவதற்கான வசதியும் அதில் இல்லை. ஆகவே அப்படிப்பட்ட பெட்டியை வீட்டுக்குள் மட்டும் கோப்புப் பகிரப் பாவியுங்கள், வெளி இணையத்துக்குக் காட்டாதீர்கள்.

9. புதிதாக வாங்குவதென்றால் ராஸ்பெரி பை 4 நல்ல அளவு. உண்மையான கிகாபிட் வலையும் யூஎஸ்பி 3உம் அதில் இருக்கின்றன. பை 3 பி மலிவாகக் கிடைத்தாலும் அதன் வலை 100 மெகாபிட்தான். விநாடிக்குப் பதினொரு எம்பி அளவில்தான் கோப்பு நகரும்.

10. திரை உடைந்த மடிக்கணினி மூலையில் கிடந்தால் அதுவே நல்ல சேர்வர். வாட் கொஞ்சம் கூடத்தான், ஆனால் பற்றரி உள்ளேயே இருப்பதால் யூபிஎஸ் காசு மிச்சம். பற்றரி உப்பியிருந்தால் மட்டும் கழற்றி எடுத்துவிட்டுப் பாவியுங்கள்.

11. அடப்டரில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். பை 4க்கு 5.1 வோல்ட், 3 அம்பியர் வேண்டும். போன் சார்ஜரைக் கொடுத்தால் வோல்ட் இறங்கி, எழுதிக்கொண்டிருக்கும்போதே டிஸ்க் துண்டித்துக்கொள்ளும். திரையில் மின்னல் அடையாளம் தெரிந்தால் குறை அடப்டரில் அல்லது கேபிளில்.

12. பை 4இன் நாலு யூஎஸ்பி வாய்களும் சேர்ந்து 1.2 அம்பியர்தான் தரும். இரண்டு ஹார்ட்டிஸ்க் போடப்போகிறீர்கள் என்றால் தனி அடப்டர் உள்ள யூஎஸ்பி ஹப் ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள். ஒரு டிஸ்க் மட்டும் என்றால் தேவையில்லை.

13. பழைய வீடுகளின் உருண்டை முனைப் பொயின்ட்டில் மாற்றிக்கு மேல் மாற்றி போட்டுப் பெட்டியைத் தொங்கவிடாதீர்கள். ஆடுகிற பிளக்கில் பொறி பறந்து கரிபிடிக்கும். அந்த ஒரு பொயின்ட்டை மட்டும் சதுர முனை 13 அம்பியருக்கு மாற்றினால் வருடக்கணக்கில் கவலை இல்லை.

கரண்ட் போனாலும் கவலையில்லாமல்

14. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போனது. 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கால் ஏற்பட்ட கோளாறில் நாடே இருண்டது. 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் தருகிற சின்ன மினி யூபிஎஸ் ஒன்றை வாங்கினால் ரவுட்டரும் பெட்டியும் சேர்ந்தே தாக்குப்பிடிக்கும். வாங்க முன்னர் ரவுட்டரின் அடியில் எழுதியிருக்கும் வோல்ட்டைப் பாருங்கள். 9 வோல்ட் ரவுட்டரும் உண்டு.

15. பவர் பாங்க்கை யூபிஎஸ்ஸாகப் பாவிக்க முன்னர் ஒரு சோதனை. பெட்டி ஓடும்போது சுவர்ப் பக்கத்து வயரைக் கழற்றிப் பாருங்கள். பல பவர் பாங்க்குகள் மாறுகிற அந்த நொடியில் வெளியீட்டை விட்டுவிடும், பெட்டியும் அணைந்து எழும்பும். முக்கியமான கோப்பு இல்லாத நேரத்தில் இதைச் செய்யுங்கள்.

16. மலிவு மினி யூபிஎஸ், கரண்ட் போனதைப் பெட்டிக்குச் சொல்லாது. அதற்கு ஒரு தந்திரம்: யூபிஎஸ்ஸில் இல்லாத வைஃபை பல்ப் ஒன்றைப் பெட்டி நிமிடத்துக்கு ஒருமுறை பிங் செய்யட்டும். பத்து நிமிடம் பதில் வராவிட்டால் தானாகவே ஒழுங்காக அணைந்துவிடும்படி ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிவிடுங்கள்.

17. கரண்ட் திரும்பி வருகிற முதல் நிமிடத்தில் வோல்ட் ஏறி இறங்கும். குளிர்சாதனப் பெட்டிக்குப் போடுகிற தாமதக் காவலனை, யூபிஎஸ் செருகியிருக்கும் பொயின்ட்டுக்கும் போடலாம். ஒரு அடப்டரும் டிஸ்க்கும் தப்பினாலே அதன் விலை திரும்பிவிடும்.

18. சித்திரையிலும் ஐப்பசியிலும் இடி மின்னல் கூட. செம்புக் கம்பித் தொலைபேசி இணைப்பு உள்ள வீட்டில் பிளக்கோடு தொலைபேசி வயரையும் கழற்றுங்கள். மின்னல் அந்த வழியாகவும் வரும். கண்ணாடி இழை இணைப்பு என்றால் வயரில் பயமில்லை, அடப்டரைக் கழற்றினால் போதும்.

19. பை 4 வரை வந்த பெட்டிகளில் மணிக்கூட்டுப் பற்றரி இல்லை. கரண்ட் போய் வந்து, இணையம் வரத் தாமதமானால் நேரம் பிழைத்து, படங்களின் தேதியும் குழம்பும். 'டிஎஸ்3231' என்கிற சின்ன மணிக்கூட்டுத் துண்டு ஒன்றைப் பொருத்திவிட்டால் அந்தச் சிக்கல் தீரும்.

20. திருகோணமலை வெயிலில் சூரியத் தகடு நன்றாக உழைக்கும். 5 வாட் பெட்டிக்கு நாளுக்கு 120 வாட்-மணி வேண்டும். 40 வாட் தகடு நாலு மணித்தியால நல்ல வெயிலில் 160 தரும். 12 வோல்ட் 20 அம்பியர்-மணி ஈயப் பற்றரியை அரைவாசி மட்டும் இறக்கிப் பாவித்தாலும் ஒரு நாள் ஓட்டலாம்.

உப்பு, வெக்கை, வெள்ளம்

21. வாடைக்காற்று கடலிலிருந்து உப்பையும் ஈரத்தையும் கொண்டுவரும். உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து வீடுகளில் யூஎஸ்பி முனைகள் பச்சை பூத்துவிடும். கடல் பார்த்த யன்னலோரம் வேண்டாம், உள்சுவர்ப் பக்கம் வையுங்கள். மாரி தொடங்க முன்னர் ஒருமுறை ஐசோபுரோப்பைல் அல்கஹோலைப் பஞ்சில் தொட்டு முனைகளைத் துடைத்துவிடுங்கள்.

22. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் பிரச்சினை வெக்கையும் புழுதியும். பெட்டியை அலுமாரிக்குள் பூட்டாமல், குளிர்சாதனப் பெட்டிக்கு மேல் வைக்காமல், சுவரோரம் நிமிர்த்தி நிறுத்துங்கள். 2010இல் வந்த குருபிளக் என்ற பிளக் பெட்டி சூடேறியே கெட்ட பெயர் எடுத்தது. சின்னப் பெட்டிக்கும் மூச்சுவிட இடம் வேண்டும்.

23. விசிறி போட்டால் உப்புக் காற்றைத்தான் உள்ளே இழுக்கும், கொஞ்ச நாளில் சத்தமும் போடும். அதற்குப் பதில் அலுமினிய வெப்பத்தகடு ஒட்டுங்கள், அல்லது முழு அலுமினிய உறை வாங்குங்கள். கரண்டும் எடுக்காது, பழுதும் வராது.

24. இளஞ்சூடான பெட்டி எறும்புக்கும் பல்லிக்கும் பிடித்த இடம். பழைய நுளம்பு வலையில் ஒரு துண்டு வெட்டிக் காற்றுத் துளைகளின் மேல் ஒட்டினால் காற்று போகும், பூச்சி போகாது. மாதத்துக்கு ஒருமுறை தூரிகையால் தட்டிவிடுங்கள்.

25. பிரதி எடுத்த டிஸ்க்கை வெறும் லாச்சிக்குள் போடாதீர்கள். இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில், சப்பாத்துப் பெட்டியோடு வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போட்டு வையுங்கள். நிறம் மாறும் வகை என்றால் எப்போது மாற்ற வேண்டும் என்பதையும் அதுவே காட்டித்தரும்.

26. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளம் மூதூர், வெருகல் பக்கங்களில் வீடுகளுக்குள்ளேயே புகுந்தது. பெட்டி, யூபிஎஸ், பிளக் பொயின்ட் மூன்றையும் தலைக்கு மேல் உயரத்துத் தட்டில் வைத்தால் முதல் அடி தப்பும். டிஸ்க்கை ஒரே இழுவையில் கழற்றிக்கொண்டு ஓடக்கூடியதாகவும் வையுங்கள். கட்டி ஒட்ட வேண்டாம்.

டிஸ்க்கும் கார்டும்

27. மெமரி கார்ட் சாவதற்கு முதற் காரணம் ஓயாத எழுத்து. பதிவேடுகளை 'லொக்2ராம்' மூலம் நினைவகத்துக்கு மாற்றி, கோப்பை வாசித்த நேரத்தைக் குறிக்கும் வேலையையும் நிறுத்திவிட்டால் கார்டின் ஆயுள் நன்றாகக் கூடும். பை 4 என்றால் கார்டை விட்டுவிட்டு யூஎஸ்பி எஸ்எஸ்டியிலிருந்தே தொடங்கலாம்.

28. எல்லாம் ஒழுங்காக ஓடத் தொடங்கிய அன்றே கார்டின் முழுப் பிரதியை ஒரு கோப்பாக எடுத்து வையுங்கள். இன்னொரு கார்டிலும் அதை எழுதி, பேர் ஒட்டி, பெட்டிக்குப் பக்கத்திலேயே வையுங்கள். கார்ட் செத்தால் மாற்றிச் செருக ஐந்து நிமிடம் போதும்.

29. விண்டோஸில் பாவித்த டிஸ்க்கை அப்படியே செருகினால் வேலை செய்யும், ஆனால் பழைய பிளக் பெட்டியில் மந்தமாகிவிடும். கோப்புகளை வேறிடத்தில் வைத்துவிட்டு 'ஈஎக்ஸ்டி4' முறைக்கு மாற்றுங்கள். கரண்ட் சடுதியாகப் போனாலும் அது தன்னைச் சீக்கிரம் சரிசெய்துகொள்ளும்.

30. இரண்டு டிஸ்க் இருந்தால் செருகுகிற ஒழுங்கைப் பொறுத்து அவற்றின் பேர் மாறும். இணைக்கும் பட்டியலில் டிஸ்க்கின் நிரந்தர அடையாள எண்ணைப் போடுங்கள். இல்லாவிட்டால் ஒரு நாள் பிரதி போக வேண்டிய இடம் மாறி, மூலக் கோப்பின் மேலேயே எழுதப்படும்.

31. மாதம் ஒருமுறை டிஸ்க்கின் 'ஸ்மார்ட்' அறிக்கையைப் பாருங்கள். மாற்றி ஒதுக்கிய பகுதிகள், காத்திருக்கும் பகுதிகள் என்ற இரண்டு எண்களும் பூச்சியமாக இருக்க வேண்டும். மாதத்துக்கு மாதம் ஏறினால் டிஸ்க் விடைபெறுகிறது என்று அர்த்தம். படிக்க முடிகிற நாளிலேயே புதியதற்கு மாற்றுங்கள்.

வீட்டார் எல்லாருக்கும்

32. கோப்புப் பகிரும் 'சம்பா' மென்பொருளில் ஒரு பொதுக் கோப்புறையும், ஆளுக்கொரு சொந்தக் கோப்புறையும் போதும். பொதுவில் படம், பாட்டு, புத்தகம். சொந்தத்தில் அவரவர் வேலை. பேர்களைத் தமிழிலேயே வைத்தால் அம்மாவும் அப்பாவும் கேட்காமலே திறப்பார்கள்.

33. போன் படங்கள் தானாக வீட்டுப் பெட்டிக்கு வர 'சிங்திங்' நல்லது. அன்ட்ரொய்டுக்கான அதன் பழைய செயலியை 2024 இறுதியோடு நிறுத்திவிட்டார்கள். 'சிங்திங்-ஃபோர்க்' என்பதை ஏற்றுங்கள். சார்ஜில், வீட்டு வைஃபையில் இருக்கும்போது மட்டும் ஓடும்படி அமைத்தால் டேட்டாவும் போகாது, பற்றரியும் போகாது.

34. சிங்திங்கில் போனில் அழித்த படம் பெட்டியிலும் அழியும். பெட்டிப் பக்கத்தில் பழைய பதிப்புகளை வைத்திருக்கும் வசதியைக் கட்டாயம் போட்டுவிடுங்கள். வாட்ஸ்அப் படக் கோப்புறையையும் சேர்த்தால், சொந்தக்காரர் அனுப்பிய கலியாணப் படங்களும் போகாமல் நிற்கும்.

35. படம் பார்க்க 'ஜெலிஃபின்' ஏற்றினால் ஒரு கவனம்: சின்னப் பெட்டிக்கு வீடியோவை ஓட ஓட மாற்றிக் கொடுக்கிற பலம் இல்லை. ரீவி நேரடியாக வாசிக்கிற எச்.264 வடிவில் கோப்பை வைத்திருந்தால் தடங்கல் வராது. அதுவும் பாரம் என்றால் 'மினிடிஎல்என்ஏ' போதும்.

36. பழைய யூஎஸ்பி பிரிண்டரைப் பெட்டியில் செருகி 'கப்ஸ்' ஏற்றினால் வீட்டில் எல்லாப் போனிலிருந்தும் அச்செடுக்கலாம். வைஃபை பிரிண்டருக்குப் போகவிருந்த காசு மிச்சம். பிள்ளைகளின் பயிற்சித் தாளுக்கு ஒவ்வொரு முறையும் கடைக்கு ஓடவும் தேவையில்லை.

37. கலியாண வீடியோ கசெற், தாத்தா பாட்டியின் குரல் பதிந்த கசெற் எல்லாம் ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும். ஓடுகிற ரெக்கோடர் ஒன்று கையில் இருக்கும்போதே கொம்பியூட்டரில் பதிந்து பெட்டியில் போடுங்கள். கோப்பின் பேரில் ஆண்டையும் ஆட்களின் பேரையும் எழுதுங்கள்; அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் வீட்டில் இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.

டேட்டா மிச்சம்

38. உங்கள் இணையப் பொதியில் நள்ளிரவுக்குப் பிறகு தனி டேட்டா இருந்தால் பெரிய இறக்கங்களை எல்லாம் அந்த நேரத்துக்கு ஒதுக்குங்கள். பெட்டி எப்படியும் விழித்திருக்கிறது. இரவு பன்னிரண்டரைக்குத் தொடங்கும்படி 'குரோன்' பட்டியலில் ஒரு வரி எழுதினால் போதும். பகல் டேட்டா முழுக்கப் பிள்ளைகளின் படிப்புக்கு நிற்கும்.

39. அதே பெட்டியில் 'பை-ஹோல்' ஏற்றினால் வீட்டுப் போன்கள் எல்லாவற்றிலும் இணையத்தள விளம்பரங்கள் குறையும், டேட்டாவும் மிஞ்சும். யூடியூப் விளம்பரத்தை அது தடுக்காது. ரவுட்டரில் பெட்டியின் முகவரியை மட்டும் கொடுத்தால் ஒவ்வொரு போனாகக் கை வைக்கத் தேவையில்லை.

40. ஆசிரியர் அனுப்பும் வகுப்புப் பதிவை ஒருவர் இறக்கிப் பொதுக் கோப்புறையில் போட்டால் மற்றவர்கள் வீட்டு வைஃபையிலேயே பார்ப்பார்கள். நாலு பேர் நாலு தடவை இறக்கினால் நாலு மடங்கு டேட்டா.

படிப்புக்கும் வாசிப்புக்கும்

41. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் பாடப்புத்தகங்கள் இலவசமாகவே கிடக்கின்றன. தரம் வாரியாகக் கோப்புறை போட்டு ஒருமுறை இறக்கி வைத்தால், பாடசாலையில் புத்தகம் கிடைக்கத் தாமதமானாலும் பிள்ளை காத்திருக்கத் தேவையில்லை. புலமைப்பரிசில், சாதாரண தர, உயர்தரக் கடந்தகால வினாத்தாள்களையும் ஆண்டு வாரியாகச் சேருங்கள்.

42. 'கிவிக்ஸ்' ஏற்றினால் தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரே கோப்பாக வீட்டில் வைத்து, இணையம் இல்லாமலே வாசிக்கலாம். பெட்டியையே வைஃபை மையமாக்கிவிட்டால் ஒரு சின்ன ரியூசன் வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்து பாவிப்பார்கள். சனசமூக நிலையத்து வாசிகசாலைக்கும் இது ஏற்ற வேலை.

43. 2005இலிருந்து இயங்கும் நூலகம் இணையத்தளத்தில் ஈழத்து நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள் பிடிஎஃப் கோப்பாகக் கிடைக்கின்றன. பழந்தமிழ் நூல்களுக்கு 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் இருக்கிறது. ஊர் பற்றிய புத்தகங்களை இறக்கி ஒரு தட்டு உண்டாக்குங்கள். கரண்ட் இருக்கிற இரவெல்லாம் வாசிக்க ஏதாவது இருக்கும்.

பூட்டும் திறப்பும்

44. காணி உறுதி, பிறப்புப் பதிவு, அடையாள அட்டை, பாங்குப் புத்தகம் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வையுங்கள். 2006இல் மூதூர், சம்பூர்ப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு ஒரு கடதாசியின் பெறுமதி நன்றாகத் தெரியும். கடவுச்சொல் போட்டுச் சுருக்கிய கோப்பாகத்தான் வைக்க வேண்டும். பொதுக் கோப்புறையில் திறந்து போடாதீர்கள்.

45. வெளியிலிருந்து பெட்டியைப் பார்க்க வேண்டுமென்று ரவுட்டரில் இணைய வாயை (போர்ட்) திறந்து விடாதீர்கள். பல இணைப்புகளில் வீட்டுக்கென்று தனிப் பொது முகவரி கிடைப்பதும் இல்லை. 'டெயில்ஸ்கேல்' என்ற தனி வலை மென்பொருளை ஏற்றினால் இரண்டு சிக்கலும் ஒன்றாகத் தீரும். லண்டனில் இருக்கும் அக்காவும் அதே வழியால் அம்மாவின் படங்களைப் பார்க்கலாம்.

46. பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். பாதுகாப்புத் திருத்தங்கள் தானாக ஏறும்படியும் விடுங்கள். எப்படி அணைப்பது, எப்படி எழுப்புவது, கடவுச்சொல் எங்கே இருக்கிறது என்பதைத் தமிழில் ஒரு தாளில் எழுதி அலுமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். வீட்டில் இன்னொருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

பிரதிக்கு மேல் பிரதி

47. மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வீட்டுக்கு வெளியே என்பதுதான் எங்கும் செல்லுபடியாகும் கணக்கு. ஒரே பெட்டியில் இரண்டு டிஸ்க்கை ஒன்றுபோல ஓடவிடுவது பிரதி ஆகாது. தவறி அழித்தது இரண்டிலும் ஒன்றாகவே அழியும். போனில் ஒன்று, பெட்டியில் ஒன்று, வெளியில் ஒன்று என்று வைத்தாலே நிம்மதி.

48. இரண்டு சின்ன டிஸ்க் வாங்கி மாறி மாறிப் பாவியுங்கள்: ஒன்று வீட்டில், மற்றது கரையிலிருந்து தள்ளி, கந்தளாய்ப் பக்கம் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில். மாதாமாதம் போயா விடுமுறைக்குப் போய்வரும்போது மாற்றிக்கொண்டு வந்தால் மறக்காது.

49. வெளிநாட்டில் தம்பியோ தங்கையோ இருந்தால் அவர்கள் வீட்டிலும் இதேபோல ஒரு பெட்டி வைக்கச் சொல்லுங்கள். 'ரெஸ்டிக்' மூலம் பூட்டிய பிரதி இரவு டேட்டாவில் அங்கே போகட்டும், அவர்களுடையது இங்கே வரட்டும். இரண்டு வீட்டுக்கும் மாத வாடகை இல்லாத காப்பு.

50. பிரதி எடுக்கும் டிஸ்க்கை வலையில் பகிராதீர்கள். வீட்டு மடிக்கணினி ஒன்றில் கோப்பைப் பூட்டிக் காசு கேட்கிற வைரஸ் புகுந்தால், பகிர்ந்த கோப்புறைகள் எல்லாவற்றையும் அது தொடும். பெட்டிதான் போய்ப் பிரதியை எடுக்க வேண்டும். மடிக்கணினிக்கு அந்த டிஸ்க்கே தெரியக்கூடாது.

51. டிசம்பர் 26ஐத் திருகோணமலை மறக்காது. 2000இல் அந்த நாளில்தான் புயல் கரையேறியது. 2004இல் அதே நாளில் சுனாமி வந்து, வீடுகளோடு தலைமுறைகளின் படங்களையும் கொண்டுபோனது. ஆண்டுக்கு ஒருமுறை அந்த நாளில் பிரதி டிஸ்க்கை எடுத்து, ஒரு படத்தையும் ஒரு பத்திரத்தையும் உண்மையாகவே திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதியை நம்ப முடியாது.

52. உங்கள் வீட்டில் ஒழுங்காக ஓடத் தொடங்கியதும் அந்தக் கார்டைப் பிரதி எடுக்க முன்னர் கடவுச்சொல்லையும் சொந்தக் கோப்புகளையும் நீக்கி, பக்கத்து வீட்டுக்கும் ஒன்று எழுதிக் கொடுங்கள். முதல் வீட்டுக்கு ஒரு கிழமை எடுத்த வேலை இரண்டாவது வீட்டுக்கு ஒரு பின்னேரத்தில் முடியும். ஒழுங்கையில் நாலு வீடு சேர்ந்துவிட்டால் உதிரி அடப்டரும் கார்டும் பொதுவாகவே வாங்கி வைக்கலாம்.